ஓவர் என்று சொன்ன பிறகு

1

என் கணவருக்குப் பேச்சு போய், போன வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. சங்கரன்கோவிலிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அத்தான் இப்போதாவது ஏதாவது பேசுகிறார்களா என்று கேட்டாள். பேசுகிறார்கள் என்றேன். என்ன பேசுகிறார்கள் என்றாள். பழையபடி அந்த ஒரு வார்த்தைதான் என்றேன். புதிதாக வந்த இன்னொன்றைச் சொல்லவில்லை.

"எக்கா, அதைக் கேக்கவே எனக்குப் பயமாருக்கு. நீ எப்படித்தான் அந்த வீட்டுக்குள்ள தனியா இருக்கியோ" என்றாள்.

தனியாக இல்லை, இரண்டு பேர் இருக்கிறோம் என்று சொன்னேன். அவளிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஊரில் பலருக்குப் புனே என்றால் எங்கள் மகள் நித்யா மாதிரிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் ஊர். நாங்கள் வந்தது அதற்கு ரொம்ப முன்னால். என் கணவர் சங்கரலிங்கம் ராணுவத்தில் வயர்லெஸ் ஆபரேட்டர். கடைசி போஸ்டிங் இங்கே. ரிட்டயர் ஆன பிறகு பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டெலிபோன் அறையில் வேலை கிடைத்தது. ஊருக்குத் திரும்புவதை ஒவ்வொரு மே மாதமும் அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டோம். பிறகு கோந்த்வாவில் இந்த இரண்டு அறை ஃபிளாட்டை வாங்கினோம். நித்யா மராத்திப் பையனைக் கட்டிக்கொண்டு மகர்பட்டாவில் இருக்கிறாள். பேத்தி அன்வி என்னை ஆஜி என்று கூப்பிடுவாள். பாட்டி என்று சொல்லச் சொன்னால் சொல்லுவாள், ஆனால் யாரோ மேடையில் ஏற்றிவிட்ட மாதிரிச் சொல்லுவாள்.

காய்கறிக்காரனிடம் மராத்தி, ஆஸ்பத்திரியில் இந்தி, மகளிடம் பாதித் தமிழ். முழுத் தமிழ் பேச எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அவர்தான். போனது அதுதான்.

2

அன்று காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ராணுவப் பழக்கம், தன் துணியைத் தானேதான் தேய்ப்பார். நான் சமையலறையில் இருந்தேன். துணி கருகும் வாடை வந்தது. வந்து பார்த்தால் சட்டையின் முதுகில் இஸ்திரிப்பெட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அவர் மேஜையைப் பிடித்தபடி நின்று, கருகுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, கை போகவில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அப்படியே சரிந்தார்.

மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் போய்விட்டன. ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிய பிறகும் பேச்சு வரவில்லை. ஒரு மத்தியானம் கேரளத்து நர்ஸ் ஒருத்தி டிரிப் பாட்டிலைப் பார்க்க வந்தபோது, அவர் தெளிவாக, நல்ல கனத்த குரலில், "ஓவர்" என்றார்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். பாட்டில் உண்மையிலேயே தீர்ந்துபோயிருந்தது. "அங்கிள் கரெக்டாச் சொல்லிட்டாரே" என்று சிரித்துக்கொண்டே மாற்றினாள். நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், பேச்சு வந்துவிட்டது என்று.

புதுப் பாட்டில் சொட்டத் தொடங்கியது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓவர்" என்றார். வாயில் தண்ணீர் ஊற்றினேன். குடித்துவிட்டு, "ஓவர்" என்றார். நித்யா ஓடிவந்து அப்பா என்றாள். "ஓவர்."

டாக்டர் பிறகு விளக்கினார். இந்த மாதிரி அடைப்பில் சிலருக்கு எல்லாச் சொற்களும் போய் ஒன்று மட்டும் தங்கிவிடுமாம். எது தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். தன்னிடம் வந்த ஒருவருக்குக் கெட்ட வார்த்தை ஒன்று மட்டும் தங்கியதாம், பூஜை அறையிலும் அதையே சொல்வாராம். "அதற்கு அர்த்தம் தேடாதீர்கள். வாய்க்கு வருகிற சத்தம், அவ்வளவுதான்" என்றார்.

சொந்த மொழியின் ஒரு சொல் மிஞ்சியிருக்கக் கூடாதா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. தண்ணீர், அம்மா, கோமதி. கோமதி என் பெயர்.

3

டாக்டர் அர்த்தம் தேடாதீர்கள் என்றார். அர்த்தம் தேடாமல் அந்த மனிதருக்கு எப்படிச் சோறு போடுவது?

இரண்டு மாதத்தில் ஓரளவு பிடிபட்டது. சுருக்கென்று சொன்னால் பாத்ரூம். கடைசி எழுத்தை இழுத்தால் காப்பி. தலையணை சரியில்லை என்றால் குரல் மேலே போகும். டிவியில் பிடிக்காத அரசியல்வாதி வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு "ஓவர்". குழந்தை அன்வி வந்தால் பாட்டு மாதிரி ஒன்று. பேச்சுப் பயிற்சிக்கு வரும் மராத்திப் பெண் ஸ்நேஹல் இதையெல்லாம் தன் போனில் பதிந்துகொண்டு போவாள். தண்ணீர்ப் படத்தைக் காட்டி "பாணி, பாணி" என்று சொல்லச் சொல்வாள். தமிழில் சொல்லிப் பார்க்கலாமா என்று கேட்டேன். தனக்குத் தமிழ் தெரியாதே என்று வருத்தப்பட்டாள்.

அதன் பிறகு எங்கே திரும்பினாலும் அந்தச் சொல்தான் என் காதில் விழுந்தது. அதுவரை இவ்வளவு பேர் இதைச் சொல்கிறார்கள் என்று நான் கவனித்ததில்லை. கீழே காம்பவுண்டில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், லாஸ்ட் ஓவர் என்று கத்துகிறார்கள். மருமகனுக்கு ஓவர்டைம். பஸ்காரனுக்கு ஓவர்டேக். எங்கள் கட்டடத்தைக் கட்டியவர் இன்னும் சங்கத்துக்கு ஹேண்ட் ஓவர் செய்யவில்லை என்று மாதாமாதம் கூட்டம் போடுகிறார்கள். அன்வியின் போனில் பூதம் ஒன்று செத்துவிழுந்து கேம் ஓவர் என்கிறது. ஊரில் தங்கை தன் மருமகளைப் பற்றிச் சொல்லும்போது "ரொம்ப ஓவராப் போறா" என்கிறாள். சாம்பாரில் உப்பு கூடினாலும் ஓவர், ஆள் செத்தாலும் ஓவர். முடிவதற்கும் மிஞ்சுவதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இங்கிலீஷ்காரர்கள் எப்படிக் குழம்பாமல் இருக்கிறார்களோ.

ஒருநாள் நான் அவரது பழைய சட்டைகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நித்யா, "அம்மா, யூ ஹேவ் டு கெட் ஓவர் இட்" என்றாள். அதைத் தமிழில் சொல்லு என்றேன். யோசித்துப் பார்த்தாள். தாண்டி வரணும் என்றாள், பிறகு மறக்கணும் என்றாள், இரண்டும் இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள். எனக்கும் அகப்படவில்லை. நம் பேச்சில் துக்கம் ஆறும் என்போம், சோறு ஆறுகிற மாதிரி. தாண்டிக் குதிக்கச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

ஆனால் அவருடைய தொழிலில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். கல்யாணமான புதிதில் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது ஊர் எஸ்.டி.டி. பூத்தில் நான் காத்திருப்பேன், அவர் வடக்கேயிருந்து பேசுவார். நலம் விசாரித்து முடித்ததும் பழக்கத்தில் ஓவர் என்றுவிடுவார். நான் பேச்சு முடிந்தது என்று நினைத்துப் போனை வைத்துவிடுவேன். லீவில் வந்தபோது சிரித்துச் சிரித்துச் சொன்னார்: வயர்லெஸ்ஸில் ஓவர் என்றால் முடிந்தது என்று இல்லை. நான் சொல்லிவிட்டேன், இனி நீ பேசு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். பேச்சையே முடித்துக்கொள்வது என்றால் அதற்கு அவுட் என்று வேறு சொல் இருக்கிறது.

4

முதலில் கவனித்தது மழைக்காலத்தில். மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவரை ஹாலில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நான் பாத்திரம் கழுவுவேன். பால்கனிப் பக்கம் பார்த்து உட்காரவைத்தால், திரும்பி வரும்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். இடது காலால் தரையை உந்தி உந்தி நாற்காலியைத் திருப்பிக்கொள்வார். அந்தச் சுவரில் காலண்டர்கூடக் கிடையாது.

அங்கே பார்த்து அவர் சொல்கிற "ஓவர்" என்னிடம் சொல்வது மாதிரி இல்லை. அதில் காப்பியும் இல்லை, பாத்ரூமும் இல்லை. மரியாதையான, நிதானமான குரல். சொல்லிவிட்டு இடது உள்ளங்கையைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருப்பார். பிறகு தலையாட்டுவார். மறுபடியும் "ஓவர்". மறுபடியும் காத்திருப்பு.

கதவோரம் நின்று பார்த்தேன். காத்திருக்கிற நேரம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லை. சில சமயம் ஒரு மூச்சு விடும் நேரம். சில சமயம் என் கால் வலிக்கிற வரை. போனில் பேசுகிறவரைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எதிர்முனையில் நீளமாகப் பேசுகிறார்களா, ஒற்றைச் சொல்லில் முடித்தார்களா என்று நமக்கே தெரியுமில்லையா? அப்படித்தான் இருந்தது. ஒருநாள் கேட்டுக்கொண்டே இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பை அடைப்பு தொடவில்லை, அது அவருடைய பழைய சிரிப்பேதான். எனக்கு முதுகில் தண்ணீர் ஊற்றிய மாதிரி இருந்தது.

நித்யாவிடம் சொன்னேன். மூளையில் அடிபட்டால் இப்படியெல்லாம் இருக்கும் என்று நெட்டில் படித்துச் சொன்னாள். சரி என்று நானும் இருந்துவிட்டேன். ஆனால் அன்று முதல் மத்தியானத்தில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கழுவத் தொடங்கினேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பேசிக்கொண்டிருக்கிறார்களே, இடைஞ்சலாக இருக்கக்கூடாதே என்றுதான்.

5

பென்ஷனுக்கு ஆள் உயிரோடு இருக்கிறார் என்று வருஷத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். நவம்பரில் சக்கர நாற்காலியில் வைத்து வங்கிக்குக் கூட்டிப்போனோம். வலது கட்டைவிரல் இயந்திரத்தில் பதியவில்லை. இடது விரலை வைத்தோம், சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு ஏற்றுக்கொண்டது. அங்கிருந்த பெண் இந்தியில் பெயரைக் கேட்டாள். "ஓவர்" என்றார். அவள் புரியாமல், அங்கிள், உங்கள் நல்ல பெயர் என்றாள். "ஓவர்."

வரிசையில் பின்னால் நின்ற, நெஞ்சு நிமிர்ந்த ஒரு வயசாளி உடனே "ரோஜர்" என்றார், வயர்லெஸ்ஸில் நீ சொன்னது கேட்டது என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் ராணுவக்காரராக இருக்க வேண்டும், அன்பாகத்தான் சொன்னார். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி அந்த மனிதரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இல்லை என்று தலையசைத்தார். ராங் நம்பருக்குப் பதில் சொல்வதுபோல இருந்தது. அந்த வயசாளியின் முகம் சுருங்கிப் போனது.

அன்றிலிருந்து இரண்டு நாள் மகர்பட்டாவில் நித்யா வீட்டில் தங்கினோம். இடம் மாறினால் சுவர்ப் பேச்சு நின்றுவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. மறுநாள் மத்தியானம் சோபாவில் உட்கார்ந்தவர் புத்தக அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கையைக் காதில் வைத்தார். மருமகன் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனில் திசை காட்டும் எதையோ திறந்து, எங்கள் வீட்டில் எந்தச் சுவர் என்று கேட்டார். நான் கோவில், ரோடு எல்லாம் வைத்து அடையாளம் சொன்னேன். போனை என்னிடம் காட்டினார். இரண்டு வீட்டிலும் அவர் பார்ப்பது நேர் வடக்கு.

மருமகன் நல்ல பிள்ளை, படித்த பிள்ளை. அன்று மீதி நேரம் அவர் அந்த அறைக்குள் வரவில்லை, மடிக்கணினியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டார்.

6

சுபேதார் ஜாதவ் சாத்தாராக்காரர். என் கணவரோடு ஒரே யூனிட்டில் இருந்தவர், இப்போது பிம்ப்ரியில் மகனோடு இருக்கிறார். பஸ் மாறி மாறி எப்போதாவது பார்க்க வருவார். என்னை வஹினி என்பார், அண்ணியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில்.

ஜனவரியில் அவர் வந்தபோது மத்தியானமாகிவிட்டது. நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கண்ணை எடுக்காமல் என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் கையில் வாங்கினார், குடிக்கவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். சொன்னேன். யாரோடு என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அதை நான் உங்களிடம்தானே கேட்க வேண்டும் என்றேன். அப்போதுதான் அவர் செல்லத்துரையைப் பற்றிச் சொன்னார்.

மார்த்தாண்டத்துப் பையன் ஒருவன் பனியில் போய்விட்டான் என்று என் கணவர் ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார், பெயர்கூடச் சொன்னதில்லை. ஜாதவ் சொன்னது இது. ஜாதவும் என் கணவரும் மலையடியில் வயர்லெஸ் செட்டில் இருந்தார்கள். வடக்கே பனிமலைமேல் இருந்த காவல் முகாமில் செட்டைப் பார்த்துக்கொண்டவன் செல்லத்துரை. வேலைப் பேச்சு முடிந்ததும் அவனும் என் கணவரும் தமிழில் இரண்டு வார்த்தை பேசிக்கொள்வார்கள். கூடாதுதான், ஆனாலும் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. ஒரு மத்தியானம் செல்லத்துரை தமிழில் ஏதோ கேட்டான். கேட்டுவிட்டு ஓவர் என்றான். என் கணவர் பதில் சொல்லப் பொத்தானை அமுக்கினார். அதற்குள் மேலே பனி சரிந்து மலையே இறங்கிவிட்டது. அந்த முகாமில் இருந்த ஒருவரும் அகப்படவில்லை.

"மூணு நாள் செட்டை விட்டு எழுந்திருக்கல, வஹினி. அவுட் கொடுத்துட்டு மூடுன்னு ஆபீசர் சாகிப் சொன்னார். ஹெட்போனைக் கழட்டி வெச்சான். அவுட் மட்டும் சொல்லல."

செல்லத்துரை என்ன கேட்டான் என்றேன். தனக்குத் தமிழ் தெரியாது, இவரிடம் பலமுறை கேட்டும் சொல்லவில்லை என்றார்.

பிறகு தானே முடித்துவைக்கிறேன் என்று எழுந்தார். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று, முதுகை நிமிர்த்தி, அந்தக் காலத்து முறைப்படி எண்ணும் பெயரும் சொல்லி, இத்தோடு முடிகிறது, "அவுட்" என்றார். என் கணவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, வருத்தம்தான் இருந்தது. இடது கையால் அவர் இடுப்பைத் தொட்டு, மெதுவாக, ஜன்னலை மறைக்கிறவரை நகர்த்துவதுபோல ஒருபக்கமாக நகர்த்தினார். காதில் கை வைத்தார். கேட்டார். தலையாட்டினார். "ஓவர்" என்றார்.

ஜாதவ் டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். படிக்கட்டு வரைக்கும் கூடப் போனேன். அங்கே நின்று அவர் சொன்னார்:

"கூப்பிடுறவன் முதல்ல பேசுவான், பிறகு காது கொடுப்பான். இவன் முதல்ல காது கொடுக்கிறான், பிறகுதான் பேசுறான். இவன் யாரையும் கூப்பிடல, வஹினி. பதில் சொல்றான்."

7

அதன் பிறகு நான் கவனித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். முதலில் தலை சாயும், கை காதுக்குப் போகும். "ஓவர்" அதற்குப் பிறகுதான்.

நித்யா மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்தார்கள். நாள் முழுக்கத் தூங்கினார், எச்சில் ஒழுகியது, அன்வி பக்கத்தில் போகப் பயந்தாள். நிறுத்திவிட்டோம். நிறுத்திய மறுவாரம் மத்தியானம் தடால் என்று சத்தம் கேட்டு ஓடிவந்தேன். அவர் சுவரடியில் கிடந்தார். செத்துப்போன காலை ஊன்றி எழுந்து இரண்டு எட்டு வைத்திருக்கிறார். நெற்றி சுவரில் மோதி ரத்தம் வழிந்தது. தூக்கப் போனால் என் கையை விலக்கிவிட்டு, சுவரைப் பார்த்தே நகரப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு ஷிந்தேயும் அவர் மகனும் வந்துதான் தூக்கினார்கள்.

மூன்று தையல். நித்யா அன்று ரொம்ப நேரம் பேசினாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வெளியே ஒரு இல்லம் இருக்கிறது, பெல்ட் போட்ட நாற்காலி இருக்கிறது, நர்ஸ் இருக்கிறாள், உன்னால் இனிமேல் முடியாது என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை போய்ப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை. இங்கே வியாழக்கிழமைகளில் பழுது பார்க்க என்று கரண்டை நிறுத்துவார்கள். ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. கீழே பையன்களும் இல்லை, பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அந்த அமைதியில் அவர் தலையைச் சாய்த்துக் காதில் கை வைத்தார். நான் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு, அவரை மாதிரியே சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். எழுந்தால் பிடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நீளமான காத்திருப்பு. அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. பிறகு, எப்போதும்போல முன்னால் பார்த்துச் சொல்லாமல், முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்து, அதே மரியாதையான குரலில் சொன்னார்:

"ஓவர்."

காப்பி இல்லை. பாத்ரூம் இல்லை. நான் பேச வேண்டும் என்கிறார். எனக்கு அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. கேள்வி வந்திருக்கிறது, இந்த முறை பதில் சொல்ல வேண்டியது நான். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து சமையலறைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தேன். சாதாரணச் சுண்ணாம்புச் சுவர், அவர் நெற்றி மோதிய இடத்தை நான் துடைத்த கறை. செல்லத்துரையை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. செத்தபோது அவனுக்கு இப்போது என் மகளுக்கு ஆகிற வயதுகூட ஆகியிருக்காது.

"தம்பி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "நான் கோமதி. அவுக வீட்டுக்காரி. அவுகளுக்கு ஒடம்பு முடியல, நடக்க முடியாது. நீ என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியாது. பதில் சொல்லாம விட்டதுக்கு அவுக மேல வருத்தப்படாத, சொல்லத்தான் போனாக. ஆனா அவுகள அங்க அனுப்ப என்னால ஆகாது. எனக்கு இந்த ஊர்ல பேச வேற ஆளில்ல. நீ கூப்பிடாத." அப்புறம் எப்படி முடிப்பது என்று தெரியாமல், "ஓவர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நானும் காது கொடுத்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதை இங்கே உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நேரம் முழுக்க, ரயில்வே கேட்டில் வண்டி கடக்கக் காத்திருக்கிறவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தலையாட்டினார். இரண்டாவது முறையும் ஆட்டினார். பிறகு கையைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். தோள் தளர்ந்தது.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டேன்.

அவர் வாய் கோணியது. உதடு எதையோ தேடியது. ஓவர் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

"செரி" என்றார்.

8

அதிலிருந்து அவர் வடக்கே திரும்புவதில்லை. மத்தியானத்தில் பால்கனியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், பையன்கள் ஆடுவதைப் பார்க்கிறார். "ஓவர்" என்று என்னைப் பார்த்துச் சொன்னால், நானும் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காய்கறி விலை, தங்கை மருமகள் கதை எல்லாம் சொல்கிறேன். திங்கட்கிழமை அந்த இல்லத்துக்குப் போகவில்லை.

இரண்டாவது சொல் வந்துவிட்டதில் எல்லாருக்கும் சந்தோஷம். ஸ்நேஹல் அதைப் பதிந்துகொண்டு, மராத்தியில் ஆமாம் என்கிற ஹோவுக்குத் தமிழில் இதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நித்யா ஆபிஸிலிருந்து நேரே ஓடிவந்தாள். அவர் முன்னால் மண்டிபோட்டு, அப்பா, வீட்டிலேயே இருக்கலாமா என்று கேட்டாள். "செரி" என்றார். அவள் அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். "அம்மா, கேட்டியா, எவ்ளோ கிளியரா சரின்னு சொல்றாரு" என்றாள்.

கேட்டேன். சங்கரன்கோவிலில் நாங்கள் சரி என்போம். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒருநாளும் அது செரி என்று வந்ததில்லை, அது செல்லத்துரையின் ஊரான மார்த்தாண்டம் பக்கத்துப் பேச்சு. நித்யா புனேயில் பிறந்த பிள்ளை. அவள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.